பழைய பேப்பர் என்ன விலை?

அச்சுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்கிறார்கள். அதிகாலை நான்கு மணிக்குக் கட்டுப் பிரிப்பவர்களுக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

மும்பை மாதுங்காவில் ரயில் நிலையத்துக்கு வெளியே அதிகாலை நான்கு மணி. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, வேன் வீசிவிட்டுப் போன கட்டுகளைக் கயிறு அறுத்துப் பிரிக்கிறார்கள். முதன்மைத் தாளுக்குள் இணைப்பு, இணைப்புக்குள் விளம்பரத் துண்டு, அதற்குள் இன்னொரு துண்டு. கை தானாக இயங்குகிறது. வாய் வேறு கதை பேசுகிறது. இந்தக் காட்சியின் ஓர் ஓரத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக உட்கார்ந்திருப்பவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினெட்டு வயதில் ரயிலேறி வந்தவர். தமிழர்களுக்கு அவர் அண்ணாச்சி. மற்றவர்களுக்குப் பேப்பர்வாலா. மராத்தி, குஜராத்தி, இந்தி, ஆங்கிலம், தமிழ் என்று ஐந்து மொழிப் பத்திரிகைகள் அவர் கை வழியாகப் போகின்றன. படிக்கத் தெரிந்தவை இரண்டுதான். மற்ற மூன்றையும் தலைப்பின் வடிவத்தை வைத்தே இருட்டிலும் பிரித்துவிடுவார்.

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. அன்றும் பழக்க தோஷத்தில் நான்கு மணிக்கு வந்துவிட்டார். வேன் வரவில்லை. வராது என்பது அவருக்கு முன்பே தெரியும். கொரோனா பயத்தில் விநியோகிக்க முடியாது என்று விற்பனையாளர் சங்கங்கள் சொல்லிவிட்டன. பத்திரிகை நிர்வாகங்களும் அச்சை நிறுத்திவைத்தன. 1993 குண்டுவெடிப்புக்கு மறுநாள் கட்டுப் பிரித்தவர் அவர். 2008இல் தாஜ் ஓட்டலில் துப்பாக்கிச் சத்தம் ஓயாதபோதும் லைனுக்குப் போனவர். அன்றைக்கு மட்டும் கையில் ஒன்றும் இல்லாமல் மூடிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்திருந்தார்.

சில நாட்கள் கழித்து அச்சு திரும்பியது. ஆனால் ஏப்ரல் 18ஆம் தேதி, பத்திரிகையை வீடு வீடாகப் போடக்கூடாது என்று மகாராஷ்டிர அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும், சில பகுதிகள் தவிர மற்ற இடங்களில் போடலாம் என்று இறங்கிவந்தது. இதற்குள் காகிதத்தில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது என்ற செய்தி ஒவ்வொரு செல்போனிலும் சுற்றி முடித்திருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் பத்திரிகை அச்சிடுவதையே தடை செய்யக் கோரி ஒரு மனுவும் வந்தது. நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் தள்ளுபடி செய்யவில்லை. "ரெண்டு மாசம் போகட்டும் அண்ணாச்சி" என்றார்கள். போனவர்களில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள் என்பது அவர் கணக்கு.

"பேப்பர் இல்லாட்டா விடியாதுன்னு சொன்ன ஆளுங்கதான். ஒரு மாசத்துல எல்லாருக்கும் விடிஞ்சிருச்சு" என்கிறார். குரலில் கோபம் இல்லை. ஒரு நோயாளியின் நாடியைப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

அச்சுப் பத்திரிகையின் சாவுக்கு நாள் குறிக்கும் வேலை மேல்நாடுகளில் ரொம்ப நாளாகவே நடக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஃபிலிப் மேயர் 2004இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கர்களின் நாளிதழ் வாசிப்பு சரிந்துவரும் கோட்டை அப்படியே நீட்டினால் 2043இல் அது பூஜ்ஜியத்தைத் தொடும் என்றார். கணக்குப் போட்டுக் காட்டியதை உலகம் ஜோசியமாக எடுத்துக்கொண்டது. லண்டனின் 'இண்டிபென்டென்ட்' 2016 மார்ச் மாதம் அச்சை விட்டது. வியன்னாவின் 'வீனர் சைட்டுங்' 1703இல் தொடங்கியது. நாஜிகள் காலத்தில் நிறுத்தப்பட்டு, 1945இல் மீண்டும் எழுந்தது. 2023 ஜூன் 30ஆம் தேதி தன் கடைசி அச்சு நாளிதழைப் போட்டது. ஹிட்லரைத் தாண்டியது, வரவு செலவுக் கணக்கைத் தாண்ட முடியவில்லை.

இந்தியா விதிவிலக்கு என்பதுதான் இங்கே பல காலமாகச் சொல்லப்பட்ட ஆறுதல். அதில் உண்மையும் இருந்தது. வரலாற்று அறிஞர் ராபின் ஜெஃப்ரி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வளர்ச்சியைப் புரட்சி என்றே அழைத்தார். நெருக்கடி நிலை 1977இல் முடிந்த பிறகு அரசியல் செய்திக்குப் பசி எடுத்தது, எழுத்தறிவு ஏறியது, ஆஃப்செட் எந்திரமும் கம்ப்யூட்டர் எழுத்துக்கோப்பும் மாவட்டத்துக்கு ஒரு பதிப்பைச் சாத்தியமாக்கின. ஈயத்தில் வார்த்த ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கையால் பொறுக்கிக் கோத்த காலத்தில் இதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். கிராமத்து டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். அமெரிக்காவில் பத்திரிகை இளைத்துக்கொண்டிருந்தபோது இந்தியாவில் பெருத்துக்கொண்டிருந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. சில மாதங்களுக்கு டேட்டா இலவசம், பிறகும் கொசுறு விலைதான். டீக்கடையில் பத்துப் பேரும் ஆளுக்கொரு செல்போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பு நீக்கம். விளம்பரதாரர்கள் கையைச் சுருக்கினார்கள். மும்பையில் 'டி.என்.ஏ.' 2019 அக்டோபரில் அச்சை நிறுத்தியது. 'மும்பை மிரர்' 2020 டிசம்பரில் நாளிதழாக இருப்பதைக் கைவிட்டது. தமிழில், 1941இல் பிறந்த 'கல்கி' வார இதழ் 2020இல் காகிதத்தை விட்டு இணையத்துக்குப் போனது. ஆனால் இதே மும்பையின் கோட்டைப் பகுதியில், 1822இல் தொடங்கிய குஜராத்தி நாளிதழான 'மும்பை சமாச்சார்' இரு நூற்றாண்டைக் கடந்தும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. சாவு எல்லோரையும் வரிசைப்படி கூப்பிடுவதில்லை.

பத்திரிகை என்பது விசித்திரமான சரக்கு. தயாரிக்கும் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்கப்படுவது. ஒரே பிரதி இரண்டு தடவை விற்கப்படுகிறது: வாசகருக்குச் செய்தி, விளம்பரதாரருக்கு வாசகர். 1990களில் தில்லி ஆங்கில நாளிதழ்கள் விலையை வெட்டிக்கொண்டு மோதின. தமிழ்நாட்டில் 2005இல் புதிய உரிமையாளர்களின் கைக்கு மாறிய 'தினகரன்' ஒரு ரூபாய்க்கு வந்து சந்தையைக் கலக்கியது. வாசகருக்குக் கொண்டாட்டம். நிர்வாகிகளுக்கும் கவலை இல்லை, விளம்பரம் இருந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளாக இப்படி நடந்ததில், செய்தி என்றால் கிட்டத்தட்ட இலவசம் என்ற எண்ணத்தை வாசகர் மனதில் ஊன்றியவை பத்திரிகைகளேதான். இணையம் வந்து அந்தக் 'கிட்டத்தட்ட'வை எடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

விளம்பரம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் நகர்ந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. முன்பு ஒரு பிரதி கூடுதலாக விற்றால் லாபத்துக்கு வழி. இப்போது விளம்பரம் இல்லாத ஊரில் ஒரு பிரதி கூடுதலாக விற்றால் கூடுதல் நஷ்டம். தொலைவில் உள்ள சிறு ஊர்களுக்குப் பிரதி அனுப்புவதை நிறுவனங்கள் சத்தமில்லாமல் குறைப்பதன் ரகசியம் இதுதான். வாசகர் கைவிட்டார் என்று சொல்லப்படுகிற சில இடங்களில் முதலில் கைவிட்டது வாசகர் இல்லை.

காகிதமும் உள்ளூர்ச் சரக்கு இல்லை. மத்தியப் பிரதேசத்தின் நேபாநகர் ஆலையும், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கும் கரூர் காகிதபுரம் ஆலையும் சுயசார்பின் அடையாளங்களாகப் பேசப்பட்ட காலம் உண்டு. ஆனாலும் அச்சுக் காகிதத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2019 ஜூலை பட்ஜெட் அதற்கு 10 சதவீதச் சுங்க வரி போட்டது. அடுத்த பட்ஜெட் அதை 5 ஆக்கியது. முக்கிய சப்ளையர்களில் ஒன்று ரஷ்யா. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் சரக்கு வருவது சிக்கலானது, விலை எகிறியது. எங்கோ வெடித்த குண்டுக்கு மாதுங்காவில் நான்கு பக்கம் குறைந்தது. அண்ணாச்சிக்குக் கட்டைத் தூக்கும்போதே தெரிந்துவிட்டது.

இந்த நாட்டில் பத்திரிகைக்கு இன்னொரு வாழ்வு உண்டு. மேல்நாட்டு நிபுணர்களின் வரைபடங்களில் அதற்கு இடமே கிடையாது. மும்பையில் 'ரத்தி', தமிழ்நாட்டில் பழைய பேப்பர் கடை. பெரிய ஆங்கில நாளிதழ் வாங்கும் வீட்டில் மாதக் கடைசியில் நாலைந்து கிலோ சேர்ந்துவிடும். கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் கிடைக்கும். மாதச் சந்தாவில் ஒரு பகுதி திரும்பி வந்தாயிற்று. உலகத்தில் வேறெந்தச் செய்தி ஊடகம் நேற்றைய செய்தியை எடை போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்கிறது? விலை ஏறினால் சந்தாவை நிறுத்துவதா வேண்டாமா என்று கணவனும் மனைவியும் விவாதிக்கும் வீடுகளில், ரத்திக்காரரின் தராசும் ஒரு கட்சியாகக் கலந்துகொள்கிறது.

அலமாரித் தட்டில் விரிக்க, ஜூன் மாதம் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட, மாவிளக்கு மாவு சலிக்கும்போது கீழே பரப்ப, ரயிலில் இடம் பிடிக்க, இருக்கை கிடைக்காவிட்டால் தரையில் விரித்துப் படுக்க, கண்ணாடி துடைக்க, தீபாவளிப் பலகாரத்தின் எண்ணெய் வடிக்க. அச்சு மை உடம்புக்குக் கெடுதல், உணவுப் பொருளைப் பத்திரிகையில் மடிக்காதீர்கள் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலிருந்து சொல்லிப் பார்க்கிறது. வடாபாவ் கடைக்காரர் கேட்டபாடில்லை. அண்ணாச்சியிடம் சந்தாவை நிறுத்திய ஒரு வீட்டு அம்மா இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு, "செய்தி எல்லாம் போன்லயே வந்துருது, தட்டுல விரிக்கத்தான் ஒண்ணும் இல்ல, ஞாயித்துக்கிழமை மட்டும் போடுங்க" என்றாராம். எந்த ஆசிரியரின் காதிலும் விழக்கூடாத வாக்கியம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தா இன்றும் ஓடுகிறது.

இதிலும் ஒரு சங்கிலி இருக்கிறது. இந்திய ஆலைகள் பல, இந்தப் பழைய பேப்பரைக் கூழாக்கித்தான் புதுக் காகிதம் செய்கின்றன. பத்திரிகை குறைந்தால் பழைய பேப்பர் குறைகிறது. பழைய பேப்பர் குறைந்தால் புதுக் காகிதத்தின் விலை ஏறுகிறது. விலை ஏறினால் பத்திரிகை மேலும் குறைகிறது. கொரோனா ஆண்டுகளில் இந்தச் சங்கிலி நன்றாகவே இறுகியது.

விற்பனை முனையை விட்டுத் தயாரிப்பு முனைக்குப் போகலாம். பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் ஓர் உதவி ஆசிரியை. தமிழில் முதுகலை படித்துவிட்டு மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் அடைப்பது வேலை. அந்த மேசையில் 'இடமில்லை' என்பது ஒரு கண்டிப்பான ஆசான். நாற்பது வரிச் செய்தியை எட்டு வரியாக்கச் சொல்லும். எது செய்தி, எது அலங்காரம் என்று முடிவெடுக்க வைக்கும். இணையத்தில் இடம் என்பது தீராது. அதனாலேயே எட்டு வரிச் செய்தி அங்கே நாற்பது வரியாகிறது. வாசகர் கடைசி வரை உருட்டிக்கொண்டு போய், தலைப்பில் சொன்ன விஷயத்தைத் தேடுகிறார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் செய்த ஒரு தவறு பற்றிச் சொல்வார். பணவீக்க விகிதம் குறைந்தது என்று ஆங்கிலத்தில் செய்தி. இரண்டு காலத் தலைப்பில் 'பணவீக்க விகிதம்' அடங்கவில்லை. கடைசிப் பக்கம் முடியும் நேரம், கீழே எந்திரம் காத்திருக்கிறது. 'விலைவாசி குறைந்தது' என்று போட்டுவிட்டார். காலையில் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "எந்தக் கடையில் குறைந்தது என்று சொன்னால் நானும் போய் வாங்குவேன் அம்மா." பணவீக்கம் குறைந்தால் விலை ஏறும் வேகம்தான் குறைகிறது, விலை குறைவதில்லை. மறுநாள் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தின் துண்டு இன்னும் அவர் இழுப்பறையில் இருக்கிறது. அன்றிலிருந்து பொருளாதாரச் செய்தி என்றால் இரண்டு தரம் படிப்பார்.

சமீப காலத்தில் இன்னொரு தவறு. ஒரு நடிகருக்கு எதிரான மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இணையத்தில் முந்திப் போடவேண்டும் என்ற அவசரத்தில் 'நடிகரின் மனு தள்ளுபடி' என்று போய்விட்டது. ஒரு உருபு தவறியதில் ஜெயித்தவர் தோற்றுவிட்டார். பதினொரு நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை. எங்கும் திருத்தம் என்று அறிவிக்கவும் இல்லை. பக்கம் இப்போது சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதினொரு நிமிடத்தில் யாரோ பிடித்த படம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. தவறு செய்த இடத்தில் தவறு இல்லை, தவறு மட்டும் இருக்கிறது. அந்த அம்மையாருக்கு இது முதல் தவறைவிட அதிகமாக உறுத்துகிறது. முதல் தவறில் அவமானம் இருந்தது, அதற்கு ஒரு முடிவும் இருந்தது.

இப்போது மொழிபெயர்ப்பை எந்திரமே செய்து தருகிறது. சில வினாடிகளில், சரளமான தமிழில். சரளம்தான் ஆபத்து என்கிறார் அவர். பழைய எந்திர மொழிபெயர்ப்பு உளறும், உளறல் என்று உடனே தெரிந்துவிடும். இது தவறையும் அழகாகச் சொல்கிறது. எட்டுப் பேர் இருந்த மேசையில் இன்று மூன்று பேர். அவர்களுக்கு மொழிபெயர்க்கும் வேலை இல்லை, சந்தேகப்படும் வேலை. காகிதத்தில் வரப்போவது என்றால் சந்தேகப்பட இரவு பதினொரு மணி வரை நேரம் உண்டு. இணையம் என்றால் அதுவும் கிடையாது.

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தின் அடியில் யாரும் படிக்காத ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார், ஆசிரியர் இன்னார், அச்சான இடம் இது. வெள்ளையர் ஆட்சியில் 1867இல் வந்த சட்டம் கொண்டுவந்த வழக்கம். யார் மேல் வழக்குப் போடுவது என்று அரசு தெரிந்துகொள்ளத்தான் அதைக் கேட்டார்கள். கடைசியில் அது வாசகருக்கு நன்மையாக முடிந்தது: சொன்னவன் யார் என்று தெரியும். செல்போனில் 'பலருக்கும் பகிரவும்' என்ற குறிப்போடு வரும் செய்தியின் அடியில் அப்படி ஒரு வரி இல்லை.

சட்டம் இன்னும் காகிதத்தைத்தான் நம்புகிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, ஒருவர் நிலத்தை எடுக்கப்போவதாக இருந்தால் அரசிதழோடு, அந்தப் பகுதியில் புழங்கும் இரண்டு நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும். அவற்றில் ஒன்று அந்த மாநில மொழியில் இருக்க வேண்டும். கடன் கட்டாத வீட்டை வங்கி கைப்பற்றினால் நாளிதழில் அறிவிப்பு. சம்மன் வாங்காமல் தலைமறைவானவருக்கு நீதிமன்றம் செய்தி சொல்லும் வழியும் நாளிதழ். குற்ற வழக்கு உள்ள வேட்பாளர் அந்த விவரத்தைப் பத்திரிகைகளில் மூன்று முறை வெளியிட வேண்டும் என்பது 2018இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின் ஒரு பகுதி. ஊரே படிக்கிறது என்ற அனுமானத்தின் மேல் கட்டிய ஏற்பாடுகள் இவை. அந்த ஊரில் பத்திரிகை வருவது நின்றுபோனால், அறிவிப்பு வந்தது என்று சட்டம் சொல்லும், நிலத்துக்காரருக்குத் தெரிந்திருக்காது. இந்த இடைவெளியைப் பற்றிச் சட்டம் இயற்றுபவர்கள் எவரும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை. தெரியாமலே நிலம் போவதில் சிலருக்குச் சௌகரியமும் இருக்கலாம்.

ஞாபகத்தின் விஷயமும் இப்படித்தான். நூல்களை நூலகங்களுக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தும் 1954ஆம் ஆண்டுச் சட்டம், 1956 திருத்தத்துக்குப் பிறகு நாளிதழ்களுக்கும் பொருந்தும். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி என்று நான்கு பொது நூலகங்கள். அங்கே கிடக்கும் கட்டுகளின் கதி ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. அச்சுக் காகிதம் மரக்கூழின் மிச்சத்தோடு வருவது. வெயில் பட்டால் மஞ்சளாகும், தொட்டால் நொறுங்கும். அடுத்த நாள் தூக்கி எறிவதற்காகவே செய்யப்பட்ட பொருள் அல்லவா. ஆனாலும் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் பழைய இதழ்கள் நுண்படமாகியிருக்கின்றன, உட்கார்ந்து படிக்கலாம்.

1990களின் கடைசியில் தமிழ் நாளிதழ்கள் இணையத்துக்குப் போனபோது ஒவ்வொன்றும் ஒரு எழுத்துருவை வைத்துக்கொண்டது. ஒன்றின் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதோ கிறுக்கல். இதைச் சீர்படுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடே கூட்டினார்கள். பிறகு யூனிகோடு வந்து சிக்கல் தீர்ந்தது. புதிய செய்திகளுக்குத் தீர்ந்தது. பழைய பக்கங்களில் பல மாற்றப்படாமலே போய்விட்டன. 1934இல் தொடங்கிய 'தினமணி'யின் முற்கால இதழை இன்று ஒருவர் தேடிப் படித்துவிட முடியும். 1998இல் ஒரு தமிழ் இணையப் பக்கத்தில் வந்த செய்தியைத் தேடிப் பாருங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் அச்சு என்ன புனிதப் பசுவா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் விளம்பரத்தைச் செய்தியாகப் போட்ட விவகாரம் நாறியது. பிரஸ் கவுன்சில் அமைத்த துணைக் குழு பெயர் பெயராகப் பட்டியலிட்டு 2010இல் அறிக்கை தந்தது. முழு அறிக்கையை வெளியிடவே கவுன்சில் தயங்கியது. முதல் பக்கத்தைத் திறந்தால் முழுப் பக்க விளம்பரம், அதைத் திருப்பினால் இன்னொன்று, செய்தியின் முதல் பக்கம் ஐந்தாவது தாளில் என்ற கூத்தும் காகிதத்தில்தான் நடந்தது. வாசகர் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. பல வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் செல்போனை எடுத்தார்.

அண்ணாச்சியின் மகன் இப்போது பத்து நிமிடத்தில் பாலும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஓடுகிறான். அப்பா பேப்பர் போட்ட அதே கட்டடங்கள்தான். அப்பாவுக்கு லிஃப்ட் அனுமதி இல்லை. கட்டைக் காவலாளியிடம் வைத்துவிட்டுப் போகவேண்டும். மகனுக்கு உண்டு. வருங்கால வைப்பு நிதி இரண்டு பேருக்குமே இல்லை. "எனக்காவது மழை பெஞ்சா தாளு நனையும்ங்கிற கவலைதான். அவனுக்கு நிமிஷக் கணக்கு" என்கிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு அவருக்குத் தொலைபேசி வந்தது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மூன்றாவது மாடியில் குடியிருந்த ஒரு ரயில்வே பெரியவர். இருபத்தைந்து வருடம் அவரிடம் தமிழ்ப் பேப்பர் வாங்கியவர். 2020இல் மகன் நிறுத்திவிட்டார். பெரியவர் மட்டும் கோயிலுக்குப் போகும் வழியில் நின்று தலைப்புகளைப் பார்த்துவிட்டு, "பையன் போன்ல எழுத்தைப் பெரிசாக்கித் தந்திருக்கான் அண்ணாச்சி, ஆனா எங்க விட்டேன்னு தெரியமாட்டேங்குது" என்று சொல்லிப்போவார். கூப்பிட்டது மகன். அப்பா தவறிவிட்டார், பத்திரிகையில் அஞ்சலி கொடுத்திருக்கிறோம், நாளைக்கு வருகிறது, பத்துப் பிரதி வேண்டும்.

அந்தப் பேப்பர் அவர் கட்டில் மொத்தமே முப்பத்திரண்டுதான் வரும். ஒன்பது மணிக்கு மேல் கூடுதல் சொல்ல முடியாது. காலையில் தாதருக்கும் சயானுக்கும் ஆள் அனுப்பி, தெரிந்தவர்களின் கட்டிலிருந்து இரண்டு, மூன்று என்று வாங்கிச் சேர்த்தார். ஒன்பது கிடைத்தது. பத்தாவது, பக்கத்து டீக்கடைக்குப் போகவேண்டியது; கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி எடுத்துக்கொண்டார். மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, மழையில் நடந்து போனார். காவலாளி கட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். "இதை நானே கொண்டு போய்க் கொடுக்கணும்" என்றார் அண்ணாச்சி. லிஃப்டைத் திறந்துவிட்டார்கள்.

கதவைத் திறந்த மகன் ஏழாம் பக்கத்தைப் பிரித்துப் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே கூப்பிட்டு அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்தார். பிறகு பணத்தை எப்படி அனுப்புவது, பழைய கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். கணக்கு நோட்டில் அந்த வீட்டின் பக்கம் 2020இலேயே கோடு கிழித்து மூடப்பட்டுவிட்டது. அண்ணாச்சி அதைச் சொல்லவில்லை. "அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று படியிறங்கினார். மணி ஏழாகிவிட்டது, பாதி லைன் இன்னும் போடாமல் கிடந்தது.